டிஸ்க் மாத்தியதும் லினக்ஸ் ஆன் ஆகலையா? ஃபார்மேட் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பழைய ஹார்டு டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று புதிய எஸ்எஸ்டி வாங்கியாகிவிட்டது. லினக்ஸ் சிஸ்டத்தில் இருந்த அத்தனை ஃபைல்களும் புதிய டிஸ்க்குக்கு காப்பி ஆகிவிட்டன. அதை மாட்டி பவர் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி.

இந்த இடத்தில் பலரும் எடுக்கும் முடிவு, "எல்லாம் போச்சு, ஃபார்மேட் பண்ணிட வேண்டியதுதான்" என்பது. ஆனால் பெரும்பாலான நேரங்களில் எதுவுமே போயிருக்காது. போட்டோ, ப்ராஜெக்ட், கணக்கு ஃபைல் எல்லாம் புதிய டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். இல்லாமல் போனது, அவற்றுக்கு வழி காட்டும் 'பூட் லோடர்' என்ற சின்ன புரோகிராம் மட்டும்தான்.

அது ஏன் காப்பியோடு சேர்ந்து வருவதில்லை? திரும்ப எப்படிப் போடுவது? எங்கே கை வைத்தால் உண்மையிலேயே டேட்டா போகும்? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 சிப் உள்ளிட்ட பல நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் வராத பழைய கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் ஒரு மாற்று வழி. பழைய லேப்டாப்புக்கு வேகம் கூட்ட பெரிய செலவில்லாத வழி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது.

பூட் லோடர் என்றால் என்ன?

கணினி ஆன் ஆவது ஒரு தொடர் ஓட்டம் மாதிரி. ஒருவர் ஓடி வந்து அடுத்தவர் கையில் குச்சியைக் கொடுக்க வேண்டும்.

முதலில் ஓடுவது மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் இது 'பயாஸ்'. புதியவற்றில் 'யூஇஎஃப்ஐ'. இதற்கு லினக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. டிஸ்க்கில் குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பார்த்து, அங்கே இருக்கும் பூட் லோடரை எழுப்பிவிடுவதோடு இதன் வேலை முடிந்தது.

இரண்டாவது ஆள் பூட் லோடர். லினக்ஸின் மையமான 'கெர்னல்' எந்தப் பார்ட்டிஷனில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று இதற்குத்தான் தெரியும். கெர்னலையும், அதற்குத் துணையான 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சிறிய தொகுப்பையும் மெமரியில் ஏற்றிவிட்டு இது ஒதுங்கிக்கொள்ளும்.

மூன்றாவது ஆள் கெர்னல். உங்கள் ஃபைல்கள் உள்ள முக்கியப் பார்ட்டிஷனைத் திறந்து, சிஸ்டத்தை முழுமையாக ஓட வைப்பது இதன் பொறுப்பு. இந்த முக்கியப் பார்ட்டிஷனை லினக்ஸில் 'ரூட்' என்பார்கள்.

லினக்ஸ் கணினிகளில் அதிகம் பயன்படும் பூட் லோடரின் பெயர் 'க்ரப்'. 'கிராண்ட் யூனிஃபைட் பூட்லோடர்' என்பதன் சுருக்கம். 1995-இல் எரிக் போலின் என்பவர் தொடங்கியது. இப்போது நாம் பயன்படுத்துவது அதன் இரண்டாம் தலைமுறை. அதற்கு முன் பலரும் பயன்படுத்திய 'லைலோ' பூட் லோடரின் மேம்பாடு 2015-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

எல்லாத்தையும் காப்பி பண்ணியாச்சு, இது மட்டும் ஏன் வரலை?

வீடு மாறும்போது சாமான் எல்லாம் வண்டியில் ஏறி வந்துவிடும். ஆனால் ரேஷன் கார்டிலும் கேஸ் ஏஜென்சியிலும் பழைய முகவரிதான் இருக்கும். அதை நாம் போய் மாற்றினால்தான் உண்டு. இங்கே நடப்பதும் அதுதான். மூன்று இடங்களில் பழைய முகவரி தங்கிவிடுகிறது.

முதல் இடம், டிஸ்க்கின் தொடக்கப் பகுதி. பயாஸ் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளுக்கு 'எம்பிஆர்' என்று பெயர். அதில் 446 பைட்டுகள் பூட் லோடரின் முதல் துண்டுக்கும், 64 பைட்டுகள் பார்ட்டிஷன் பட்டியலுக்கும், கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் ஒதுக்கப்பட்டவை. க்ரப்பின் அடுத்த துண்டு வழக்கமாக அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையே உள்ள காலி இடத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டுமே எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லை. அதனால் ஃபைல்களை எவ்வளவு கவனமாகக் காப்பி செய்தாலும் இவை வராது.

இரண்டாவது இடம், மதர்போர்டு. யூஇஎஃப்ஐ முறையில் பூட் லோடர் ஒரு சாதாரண ஃபைல்தான். 'இஎஸ்பி' எனப்படும் சிறிய ஃபேட்32 பார்ட்டிஷனில் இருக்கும். ஆனால் "இந்த டிஸ்க், இந்தப் பார்ட்டிஷன், இந்த ஃபைல்" என்ற குறிப்பு மதர்போர்டின் மெமரியில் பதிவாகியிருக்கும். புதிய டிஸ்க்கின் பார்ட்டிஷனுக்கு வேறு அடையாள எண் என்பதால் பழைய குறிப்பு செல்லாது.

மூன்றாவது இடம், லினக்ஸின் சொந்த செட்டிங் ஃபைல்கள். ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் 'யூயுஐடி' என்ற அடையாள எண் உண்டு. லினக்ஸ் பார்ட்டிஷன்களுக்கு இது கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து நீளம். புதிதாகப் பார்ட்டிஷன் போட்டு ஃபார்மேட் செய்தால் புதிய எண் வரும். ஆனால் பார்ட்டிஷன்களின் பட்டியலான 'எஃப்எஸ்-டேப்' ஃபைலிலும், க்ரப்பின் செட்டிங்கிலும் பழைய எண்ணே இருக்கும். "எங்கே அந்தப் பழைய டிஸ்க்?" என்று தேடித் தேடி சிஸ்டம் நின்றுவிடும்.

அப்போ டிஸ்க்கை முழுசா க்ளோன் பண்ணினால்?

க்ளோன்ஸில்லா போன்ற மென்பொருளால் டிஸ்க்கை முதல் பைட் முதல் கடைசி பைட் வரை க்ளோன் செய்தால் மேலே சொன்ன அடையாள எண்கள் எல்லாம் அப்படியே வந்துவிடும். பெரும்பாலும் நேராக பூட் ஆகிவிடும்.

ஆனால் 1 டிபி ஹார்டு டிஸ்க்கிலிருந்து 512 ஜிபி எஸ்எஸ்டிக்குப் போகிறவர்களால் இதை அப்படியே செய்ய முடியாது. அவர்கள் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும், அல்லது ஃபைல்களை மட்டும் காப்பி செய்ய வேண்டும். பூட் லோடர் பிரச்னை அதிகம் வருவது இவர்களுக்குத்தான்.

க்ளோன் செய்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே யூயுஐடி இருக்கும். இரண்டையும் மாட்டியபடி ஆன் செய்தால் சிஸ்டம் எதைத் திறக்கும் என்று சொல்ல முடியாது. புதியதில் வேலை செய்வதாக நினைத்துப் பழையதில் ஃபைல்களை சேவ் செய்துகொண்டிருக்கலாம். க்ளோன் முடிந்ததும் ஒன்றைக் கழற்றிவிடுவதே நல்லது.

திரையில் வரும் வரி என்ன சொல்லுது?

திரையில் வரும் வரி, ஓட்டத்தில் குச்சி யார் கையிலிருந்து விழுந்தது என்று சொல்லிவிடும். அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

- 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால்: ஃபர்ம்வேருக்குப் பூட் லோடரே கிடைக்கவில்லை. க்ரப்பை முழுதாகத் திரும்ப நிறுவ வேண்டும். அதற்கு முன் கேபிள் சரியாக மாட்டியிருக்கிறதா, பயாஸ் செட்டிங்கில் புதிய டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

- 'க்ரப் ரெஸ்க்யூ' என்று நின்றால்: க்ரப்பின் முதல் பகுதி ஓடிவிட்டது. மீதிப் பகுதி இருக்கும் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை. இதற்கும் மறுநிறுவல்தான் தீர்வு.

- வெறும் 'க்ரப்' என்று மட்டும் வந்து காத்திருந்தால்: க்ரப் நன்றாக இருக்கிறது. அதன் மெனு ஃபைல் கிடைக்கவில்லை, அல்லது அதில் தவறான முகவரி இருக்கிறது.

- 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று வந்து, இந்த யூயுஐடி இல்லை என்று சொன்னால்: க்ரப் தன் வேலையை முடித்துவிட்டது. கெர்னலும் ஓடுகிறது. ரூட் பார்ட்டிஷனைத்தான் காணவில்லை. க்ரப் மெனுவில் பழைய எண் இருக்கிறது என்று அர்த்தம்.

- 'எமர்ஜென்சி மோட்' என்று வந்தால்: ரூட் வரை வந்தாகிவிட்டது. எஃப்எஸ்-டேப்பில் உள்ள வேறு ஏதோ ஒரு பார்ட்டிஷனின் எண் பழையது.

- பூட் ஆகிறது, ஆனால் நடுவில் ஒன்றரை நிமிடம் நிற்கிறது என்றால்: பெரும்பாலும் பழைய 'ஸ்வாப்' பார்ட்டிஷனுக்காகக் காத்திருக்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்தினால் சரியாகிவிடும்.

இதில் எந்த வரியும் "உங்கள் ஃபைல்கள் அழிந்துவிட்டன" என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் என்னென்ன தேவை?

லினக்ஸ் உள்ள ஒரு பென்டிரைவ் தேவை. முடிந்தவரை டிஸ்க்கில் இருக்கும் அதே லினக்ஸ் வகையாக இருக்கட்டும். வேறொரு கணினியில் இதைத் தயார் செய்துகொள்ளலாம். பென்டிரைவிலிருந்து பூட் செய்து, 'இன்ஸ்டால்' என்பதைத் தொடாமல் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பென்டிரைவ் எந்த முறையில் பூட் ஆகிறது என்பது ரொம்ப முக்கியம். லினக்ஸ் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால் பென்டிரைவும் அதே முறையில் பூட் ஆக வேண்டும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், 'யூஇஎஃப்ஐ' என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் 'சிஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபர்ம்வேர்', அதற்குள் 'இஎஃப்ஐ' என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ. இல்லையென்றால் பயாஸ் முறை.

அதே கணினியில் விண்டோஸும் இருந்து, அதில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட் செட்டிங்கில் மாற்றம் வந்தால் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கக்கூடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள். புதியது சரியாக ஓடும் வரை அதுதான் உங்கள் பேக்கப். கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

க்ரப்பைத் திரும்ப நிறுவுவது எப்படி?

கீழே உள்ள படிகள் உபுண்டு, மின்ட், டெபியன் வகைகளுக்குப் பொருந்தும். கட்டளைகளின் பெயர்கள் உச்சரிப்பில் தரப்பட்டுள்ளன. டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், அட்மின் அனுமதி தரும் 'சூடோ' என்ற சொல்லை முன்னால் சேர்த்து டைப் செய்ய வேண்டும்.

படி 1: டிஸ்க்கை அடையாளம் காணுங்கள். டெர்மினலில் 'எல்எஸ்-பிஎல்கே' என்ற கட்டளை கொடுத்தால் மாட்டியிருக்கும் டிஸ்க்குகளும் அவற்றின் அளவும் தெரியும். சாட்டா டிஸ்க் 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்றும், எம்.2 என்விஎம்இ வகை எஸ்எஸ்டி 'என்விஎம்இ' என்று தொடங்கும் பெயரிலும் வரும். பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒருமுறை எஸ்டிஏ என்று வந்த டிஸ்க் அடுத்த முறை எஸ்டிபி ஆகலாம். அளவை வைத்து உறுதி செய்யுங்கள். பென்டிரைவும் இதே பட்டியலில் இருக்கும்.

படி 2: பார்ட்டிஷன்களை மவுண்ட் செய்யுங்கள். புதிய டிஸ்க்கின் ரூட் பார்ட்டிஷனை 'எம்என்டி' ஃபோல்டரில் மவுண்ட் செய்ய வேண்டும். 'பூட்' தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் அதை எம்என்டிக்குள் உள்ள பூட் ஃபோல்டரில் மவுண்ட் செய்யுங்கள். யூஇஎஃப்ஐ என்றால் இஎஸ்பி பார்ட்டிஷனை அந்த பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் 'இஎஃப்ஐ' ஃபோல்டரில் மவுண்ட் செய்யுங்கள். பலரும் தவறவிடுவது இந்தக் கடைசி மவுண்டைத்தான்.

டிஸ்க் முழுவதும் பாஸ்வேர்டு போட்டு என்க்ரிப்ட் செய்தவர்கள், முதலில் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் மவுண்ட் செய்ய முடியும்.

படி 3: புதிய டிஸ்க்குக்குள் நுழையுங்கள். 'டெவ்', 'ப்ராக்', 'சிஸ்' என்ற மூன்று சிஸ்டம் ஃபோல்டர்களையும் எம்என்டிக்குள் இணைக்க வேண்டும். இதற்கு மவுண்ட் கட்டளையோடு 'ஆர்பைண்ட்' என்ற தேர்வைப் பயன்படுத்தலாம். பிறகு 'சிஎச்-ரூட்' கட்டளை. இதைக் கொடுத்ததும் அந்த டெர்மினல் பென்டிரைவை மறந்துவிட்டு, புதிய டிஸ்க்கில் இருக்கும் லினக்ஸுக்குள் உட்கார்ந்திருப்பது போல நடந்துகொள்ளும். இனி கொடுக்கும் கட்டளைகள் எல்லாம் உங்கள் சொந்த சிஸ்டத்தில் நடக்கும்.

படி 4: பழைய எண்களை மாற்றுங்கள். 'பிஎல்கே-ஐடி' கட்டளை புதிய யூயுஐடி எண்களைக் காட்டும். 'எட்சி' ஃபோல்டரில் உள்ள எஃப்எஸ்-டேப் ஃபைலைத் திறந்து, ரூட், பூட், இஎஸ்பி, ஸ்வாப் என ஒவ்வொரு வரியிலும் புதிய எண்ணைப் போடுங்கள். கையால் அடிக்காமல் காப்பி-பேஸ்ட் செய்வது நல்லது. என்க்ரிப்ட் செய்தவர்கள் அதே ஃபோல்டரில் உள்ள 'கிரிப்ட்-டேப்' ஃபைலையும் திருத்த வேண்டும்.

படி 5: க்ரப்பை நிறுவுங்கள். கட்டளை 'க்ரப்-இன்ஸ்டால்'. யூஇஎஃப்ஐ முறையில் டிஸ்க் பெயர் தேவையில்லை. இஎஸ்பி சரியாக மவுண்ட் ஆகியிருந்தால் ஃபைலை அங்கே வைத்து, மதர்போர்டிலும் அதுவே பதிவு செய்துவிடும். பயாஸ் முறையில் டிஸ்க் பெயரைக் கொடுக்க வேண்டும். இங்கே எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கைத்தான் சொல்ல வேண்டும். 'எஸ்டிஏ1' என்று பார்ட்டிஷனைச் சொல்லக் கூடாது.

படி 6: மெனுவைப் புதுப்பியுங்கள். 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்', அதன் பிறகு 'அப்டேட்-க்ரப்' என்ற இரண்டு கட்டளைகளையும் கொடுங்கள். இரண்டாவது கட்டளை கெர்னல்களைத் தேடிப் பிடித்து, புதிய எண்களோடு மெனு ஃபைலை எழுதிவிடும். பிறகு 'எக்ஸிட்' கொடுத்து வெளியே வந்து, ரீஸ்டார்ட் செய்து, பென்டிரைவை எடுத்துவிடுங்கள்.

டெர்மினல் பக்கமே போக விரும்பாதவர்களுக்கு உபுண்டு, மின்ட்டில் 'பூட்-ரிப்பேர்' என்ற மென்பொருள் இருக்கிறது. சாதாரணமான சிக்கல்களை ஓரிரு க்ளிக்கில் சரிசெய்யும். ஆனால் எஃப்எஸ்-டேப்பில் உள்ள பழைய எண்களை ஒருமுறை நீங்களே பார்த்துவிடுவதுதான் பாதுகாப்பு.

ஃபெடோராவுக்கு இதே வழியா?

இல்லை. யூஇஎஃப்ஐ முறையில் இருக்கும் ஃபெடோராவில் க்ரப்-இன்ஸ்டால் கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் கையொப்பமிட்ட ஃபைலுக்குப் பதிலாகக் கையொப்பம் இல்லாத ஃபைல் உட்கார்ந்து, செக்யூர் பூட் தடுத்துவிடும். அங்கே 'ஷிம்', 'க்ரப்2-இஎஃப்ஐ' ஆகிய பேக்கேஜ்களை ரீ-இன்ஸ்டால் செய்வதுதான் முறை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஃபெடோராவின் இனிட்ராம்எஃப்எஸ், அந்தக் கணினியில் இருக்கும் வன்பொருளுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்திருக்கும். சாட்டா டிஸ்க்கிலிருந்து எம்.2 என்விஎம்இ டிஸ்க்குக்கு மாறினால் அந்த டிரைவர் உள்ளே இல்லாமல் போகலாம். 'ட்ராகட்' என்ற கருவியால் அதைப் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் செஞ்சும் வரலைன்னா?

சில சிக்கல்கள் க்ரப்பைத் தாண்டியவை.

பயாஸ் முறை கணினியில் புதிய டிஸ்க்குக்கு 'ஜிபிடி' வகைப் பார்ட்டிஷன் பட்டியல் போட்டிருந்தால், க்ரப்பின் இரண்டாம் துண்டுக்கு இடம் இருக்காது. அதற்கென 1 எம்பி அளவில் 'பயாஸ் பூட் பார்ட்டிஷன்' ஒன்றை உருவாக்க வேண்டும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் பழைய எம்பிஆர் பட்டியலால் முழு இடத்தையும் கையாள முடியாது. அங்கே ஜிபிடி போட்டே ஆக வேண்டும்.

சில மதர்போர்டுகள் லினக்ஸ் பதிவை மறந்துவிடும். 'இஎஃப்ஐ-பூட்-எம்ஜிஆர்' என்ற கட்டளை அங்கே பதிவாகியுள்ள பட்டியலைக் காட்டும். பெயரில் எம்ஜிஆர் இருந்தாலும், 'மேனேஜர்' என்பதன் சுருக்கம்தான் அது! பட்டியலில் லினக்ஸ் இல்லையென்றால் க்ரப்-இன்ஸ்டாலை 'ரிமூவபிள்' என்ற தேர்வோடு ஓட்டலாம். ஃபர்ம்வேர் வழக்கமாகத் தேடும் பொதுவான இடத்தில் பூட் லோடரை அது வைத்துவிடும்.

பழைய பயாஸ் கணினிகள் பலவற்றால் என்விஎம்இ டிஸ்க்கிலிருந்து பூட் செய்யவே முடியாது. டிஸ்க் வாங்கும் முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, காப்பி செய்த விதம். ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போட்டு, நடுவில் பென்டிரைவ் வழியாக சிஸ்டம் ஃபைல்களைக் கொண்டுபோனவர்களுக்கு க்ரப் உதவாது. யாருக்கு எந்த ஃபைல் சொந்தம், யாருக்கு அனுமதி என்ற விவரங்கள் அந்த வழியில் அழிந்துவிடும். 'ஆர்சிங்க்' கட்டளையால், அனுமதிகளைக் காப்பாற்றும் தேர்வுகளோடு பழைய டிஸ்க்கிலிருந்து மறுபடி காப்பி செய்வதே வழி. பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எங்கே உண்மையிலேயே டேட்டா போகும்?

க்ரப் நிறுவுவதால் பொதுவாக உங்கள் ஃபைல்களுக்கு ஆபத்து இல்லை. ஆபத்து வேறு நான்கு இடங்களில் இருக்கிறது.

- பதற்றத்தில் லினக்ஸ் இன்ஸ்டாலரை ஓட்டி, 'டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு' என்ற தேர்வை அழுத்துவது.
- 'டிடி' கட்டளையில் எங்கிருந்து, எங்கே என்பதை மாற்றிக் கொடுப்பது. காலியான புதிய டிஸ்க், நிரம்பிய பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். அது "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காது.
- விண்டோஸும் இருக்கும் கணினியில், இஎஸ்பி பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்வது. லினக்ஸோடு சேர்த்து விண்டோஸின் பூட் லோடரும் போய்விடும்.
- புதியது ஒருமுறை ஆன் ஆனதுமே பழையதை அழித்துவிடுவது.

வேலை முடிஞ்சதா? இதைச் செக் பண்ணுங்க

கடைசியாகச் சொன்னது கொஞ்சம் விளக்கமாகப் பேச வேண்டிய விஷயம். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது சிஸ்டம் அழகாக ஆன் ஆகும். ஆனால் பூட் லோடர் பழைய டிஸ்க்கிலிருந்து ஓடி, மீதி மட்டும் புதியதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கலாம். பழையதை ஃபார்மேட் செய்து விற்ற அன்றைக்குத்தான் லேப்டாப் ஆன் ஆகாது.

இதைத் தவிர்க்க ஒரே சோதனைதான். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். ஒருமுறை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு மீண்டும் ஆன் செய்யுங்கள். பிறகு 'ஃபைண்ட்-எம்என்டி' கட்டளையில் ரூட், பூட், இஎஸ்பி மூன்றும் புதிய டிஸ்க்கிலிருந்தே வருகின்றனவா என்று பார்க்கலாம். அடுத்து வரும் கெர்னல் அப்டேட் ஒன்றும் பிரச்னையின்றி முடிந்தால், வேலை ஒழுங்காக முடிந்தது என்று நம்பலாம்.

கடையில் கொடுக்கப் போறீங்களா?

எல்லோராலும் டெர்மினலில் உட்கார முடியாது. கடையில் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஒன்று, "ஃபைல்கள் எல்லாம் உள்ளே இருக்கு, க்ரப் மட்டும்தான் போடணும். ஃபார்மேட் வேண்டாம்." இரண்டு, "என்னைக் கேட்காம எந்தப் பார்ட்டிஷனையும் அழிக்க வேண்டாம்." மூன்று, பழைய டிஸ்க்கைக் கடையில் கொடுக்காமல் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

"டேட்டா ரெகவரி பண்ணணும், அதுக்குத் தனிக் காசு" என்று யாராவது சொன்னால், ஒரு லைவ் பென்டிரைவில் பூட் செய்து ஃபோல்டர்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஃபைல்கள் கண்ணுக்குத் தெரிந்தால் ரெகவரி தேவையே இல்லை. தேவைப்படுவது பூட் லோடர் மட்டும்தான்.

சுருக்கமாக...

டிஸ்க் மாற்றியதும் லினக்ஸ் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் திரையைப் போட்டோ எடுங்கள். பென்டிரைவில் பூட் செய்து ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எஃப்எஸ்-டேப்பில் எண்களை மாற்றி, க்ரப்பை நிறுவி, மெனுவைப் புதுப்பியுங்கள். பழைய டிஸ்க் இல்லாமல் ஆன் ஆகிறதா என்று சோதியுங்கள். அதன் பிறகும் இரண்டு வாரமாவது பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருங்கள். காப்பியில் விடுபட்ட ஏதோ ஒரு ஃபைல், அதற்குள் நிச்சயம் நினைவுக்கு வரும்.